மேயர் எத்தனை முறை மேயராக இருக்கலாம்? பெருநகரப் பதவிக்கால வரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர நிர்வாகம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, பதவிக்கால வரம்பைச் சுற்றியே இருக்கின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

பதவிக்காலம், பதவிக்கால வரம்பு, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஒருமுறை ஜெயித்தால் எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம் என்பது பதவிக்காலம். பெரும்பாலான பெருநகரங்களில் அது நான்கு அல்லது ஐந்து ஆண்டு. அப்படி எத்தனை முறை இருக்கலாம் என்பது வரம்பு. பதவிக்காலம் எல்லா ஊரிலும் உண்டு. வரம்பு எல்லா ஊரிலும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1991-இல் கொண்டுவந்த விதிப்படி மூன்று முறை இருக்கலாம். ஆனால் ஒரு முறை என்பது இரண்டே ஆண்டு. ஆக மொத்தம் ஆறு ஆண்டு. 2015-இல் அதை இரண்டு முறை, முறைக்கு நான்கு ஆண்டு என்று மாற்றினார்கள். மூன்று இரண்டாகக் குறைந்தது போலத் தெரியும். மொத்தத்தில் ஆறு எட்டாகிவிட்டது.

எல்லாப் பெரிய நகரத்துலயும் இந்த வரம்பு இருக்கா?

இல்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், பிலடெல்பியா மூன்றிலும் மேயருக்கு இரண்டு முறை. தென் கொரியாவில் சியோல் உட்பட எல்லா உள்ளாட்சித் தலைவர்களுக்கும் தொடர்ந்து மூன்று முறை. பிரேசிலிலும் இத்தாலியின் பெரிய நகரங்களிலும் தொடர்ந்து இரண்டு முறை. மெக்சிகோ நகரத்தின் ஆட்சித் தலைவருக்கு ஆறு ஆண்டு, ஒரே முறை.

இன்னொரு பக்கம் சிகாகோ, பாஸ்டன், லண்டன், பாரிஸ், டோக்கியோ ஆகிய நகரங்களில் வரம்பே கிடையாது. பாரிஸில் ஜாக் சிராக் 1977 முதல் 1995 வரை மேயராக இருந்துவிட்டு நேராகக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனார். லண்டனில் சாதிக் கான் 2024-இல் மூன்றாம் முறையாக ஜெயித்தார்.

ரெண்டு தடவை முடிஞ்சா அவ்வளவுதானா? திரும்பி வரவே முடியாதா?

விதியில் "தொடர்ந்து" என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடைவெளி விட்டுத் திரும்பி வரலாம். இல்லாவிட்டால் அது வாழ்நாள் வரம்பு. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு முறை மேயராக இருந்தவர் மறுபடி மேயராகவே முடியாது. நியூயார்க்கில் ஒரு முழுப் பதவிக்காலம் ஒதுங்கியிருந்தால் மீண்டும் நிற்கலாம்.

கொலம்பியாவின் போகோட்டாவில் அடுத்தடுத்து இரண்டு முறை மேயராக முடியாது. அங்கே அன்டானஸ் மோக்கஸ் 1995-இல் வந்தார். என்ரிக்கே பெனலோசா 1998-இல் வந்தார். 2001-இல் மறுபடி மோக்கஸ். பதினைந்து ஆண்டு கழித்து 2016-இல் மறுபடி பெனலோசா. இத்தாலியின் பலெர்மோவில் லியோலூக்கா ஒர்லாண்டோ 1985-க்கும் 2022-க்கும் இடையே விட்டுவிட்டு மூன்று கட்டமாக மேயராக இருந்தார். எனக்கு இடைவெளி வரம்புதான் பிடித்திருக்கிறது. திறமையானவரை ஊர் இழப்பதில்லை. அவர் நாற்காலியை விட்டு இறங்கி, சாதாரண ஆளாக நின்று, மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

நல்லா வேலை செய்யறவரை எதுக்குச் சட்டம் போட்டு அனுப்பணும்? பிடிக்கலேன்னா ஜனங்களே ஓட்டுப் போட்டு அனுப்பிடுவாங்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடினால் வரம்பே தேவையில்லை. ஆனால் பதவியில் இருப்பவர் அந்தக் கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் அவர் பெயர் இருக்கிறது. நகரத்தோடு வியாபாரம் செய்கிறவர்கள் அவருக்குத்தான் தேர்தல் நன்கொடை தருவார்கள். எதிரே நிற்பவருக்குத் தரப் பயப்படுவார்கள். உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப்பதிவும் குறைவு. அந்தக் குறைந்த ஓட்டில், பல ஆண்டுகளாக வார்டு வார்டாக ஆள் சேர்த்து வைத்திருப்பவரின் கைதான் ஓங்கும்.

கவுன்சில் மட்டத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சிகாகோவின் எட்வர்ட் பர்க்கைப் பாருங்கள். 1969-இல் கவுன்சிலுக்குள் வந்தவர் 2023-இல்தான் வெளியே போனார். 54 ஆண்டு. அதில் பல பத்தாண்டுகள் நிதிக்குழுத் தலைவர். அதே நேரத்தில் பெரிய கட்டடங்களின் சொத்து வரியைக் குறைத்துத் தரும் சட்ட நிறுவனம் ஒன்றையும் சொந்தமாக நடத்தினார். அவர் வார்டில் ஒரு பர்கர் கிங் கடை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, கடை வாசலில் வண்டி போய்வரும் வழிக்கான அனுமதியைக் காரணம் காட்டி வேலை நின்றது. கடையை நடத்தியவர்கள் தங்கள் வரி வழக்குகளைத் தன் நிறுவனத்துக்குத் தரவேண்டும் என்பதற்காக அவர் செய்த காரியம் அது என்பது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2023 டிசம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2024-இல் இரண்டு ஆண்டு சிறை.

இந்த 54 ஆண்டும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போடாமல் வாசல் வழிகூடத் திறக்காது என்று ஒரு வார்டுக்கே தெரிந்துபோன பிறகு, அவரை எதிர்த்து யார் நிற்பார்கள்? எதிர்ப்பவருக்கு யார் காசு தருவார்கள்?

அப்போ வரம்பு இல்லாத ஊரெல்லாம் கெட்டுப்போச்சா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பாஸ்டனில் தாமஸ் மெனினோ 1993 முதல் 2014 தொடக்கம் வரை இருந்தார். கடைசிவரை மக்களிடம் மதிப்போடு இருந்து, தானாகவே ஒதுங்கினார். சிகாகோவில் தந்தை ரிச்சர்ட் ஜே. டேலி 1955-இல் மேயராகி 1976-இல் பதவியிலேயே இறந்தார். மகன் ரிச்சர்ட் எம். டேலி 1989 முதல் 2011 வரை இருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து 43 ஆண்டு. அவர்கள் கட்டியதும் நிறைய, அவர்கள் காலத்தில் புரையோடியதும் நிறைய. நீண்ட ஆட்சி தானாகவே கெட்ட ஆட்சி ஆகிவிடாது. கெட்டுப்போனால் திருத்துவதற்கு வழி இல்லாமல் போகிறது என்பதுதான் என் கவலை.

வரம்பு வெச்சா ஊழல் குறையுமா?

ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன, இரண்டையும் சொல்கிறேன். பிரேசிலில் மத்திய அரசு குலுக்கல் முறையில் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்தது. அந்த அறிக்கைகளை வைத்து ஃபெராஸ், ஃபினன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறுபடி நிற்க வாய்ப்புள்ள மேயர்கள், வாய்ப்பில்லாத மேயர்களைவிட 27% குறைவாகப் பணத்தை முறைகேடு செய்திருந்தார்கள். அதாவது, அடுத்த தேர்தல் இருக்கிறது என்ற பயம் கையைக் கட்டுகிறது. மிகப் பெரிய நகரங்கள் அந்தக் குலுக்கலில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இத்தாலியில் கொவியெல்லோ, காலியார்துச்சி என்ற இருவர் டெண்டர்களைப் பார்த்தார்கள். ஒரே மேயர் இன்னொரு முறை தொடரும்போது டெண்டரில் கலந்துகொள்கிறவர்கள் குறைந்தார்கள், நகராட்சி கொடுத்த விலை ஏறியது, உள்ளூர் நிறுவனங்களுக்கே, அதுவும் ஒரே நிறுவனத்துக்கே திரும்பத் திரும்ப வேலை போவது கூடியது.

எனக்கு இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தெரியவில்லை. கடைசி முறையில் இருப்பவருக்குப் பயம் போய்விடுகிறது. நீண்ட நாள் இருப்பவருக்கு உறவு இறுகிவிடுகிறது. இரண்டு வேறு நோய்கள். வரம்பு இரண்டாவது நோய்க்கு மருந்து. முதலாவதற்குத் தணிக்கையும் திறந்த டெண்டரும்தான் வேண்டும். வரம்பு ஒன்றே ஊழலை ஒழித்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

கடைசித் தடவைன்னு தெரிஞ்சா மேயர் வேலையே செய்ய மாட்டாரே?

பாதி உண்மை. பயம் போவது பற்றி முந்தைய பதிலில் சொன்னேன். அதே பயம் போவதால், ஓட்டுப் போய்விடுமோ என்று தள்ளிப்போட்ட கசப்பான வேலைகளைச் சிலர் கடைசி முறையில்தான் கையில் எடுப்பார்கள். கழிவுநீர்க் கட்டணத்தை உயர்த்துவது, பழைய குழாய்களைத் தோண்டுவது போன்றவை.

அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு; யாரும் கவனிப்பதில்லை. "இவர் எப்படியும் நான்கு ஆண்டில் போய்விடுவார், அப்போது நின்றுகொள்ளலாம்" என்று பலமான எதிர்வேட்பாளர்கள் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். அதனால் நடுவில் வரும் தேர்தல் வெறும் சடங்காகிவிடுகிறது. இரண்டு முறை வரம்பு, நடைமுறையில் ஒரே எட்டு ஆண்டுப் பதவிக்காலம் போல ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, அதிகாரிங்க ஆட்டிப்படைச்சிட மாட்டாங்களா?

நானே அதிகம் யோசித்த கேள்வி இது. முதல்முறை கவுன்சிலரான ஒருவர் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். முன்னால் பல நூறு பக்கப் புத்தகம். எந்தத் துறையில் காலிப் பணியிடங்களுக்கும் சம்பளம் ஒதுக்கி, பிறகு அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்புகிறார்கள் என்பது அந்தப் பக்கங்களில் எழுதியிருக்காது. எதிரே இருக்கும் நிதி அதிகாரிக்கு அது இருபதாவது பட்ஜெட். லாபி செய்கிறவருக்கும், அதாவது நிறுவனங்களுக்காக அதிகாரத்தில் இருப்பவர்களிடம் காரியம் பேசுகிறவருக்கும், அப்படியே. சரியான கேள்வி எது என்று தெரியவே கவுன்சிலருக்கு இரண்டு மூன்று பட்ஜெட் ஆகும். அதற்குள் முதல் பதவிக்காலம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

நியூயார்க்கில் வரம்பு முதன்முதலாக நிஜமாகவே செயலுக்கு வந்தது 2001-இல். 51 கவுன்சிலர்களில் பெரும்பாலோர் ஒரே தேர்தலில் மாறினார்கள். பழையவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பழையவர்களே இல்லை. இதற்கு மருந்து, கவுன்சிலர்களுக்குச் சற்று நீண்ட வரம்பு, எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் இல்லாமல் பாதிப் பாதியாகத் தேர்தல், கவுன்சிலுக்கென்றே தனியான, நிரந்தரமான பட்ஜெட் ஆய்வுப் பிரிவு. மூன்றில் கடைசியானதை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பேன்.

புது ஆட்களுக்கு உண்மையிலேயே வாய்ப்புக் கிடைக்குதா, இல்ல வெறும் பேச்சா?

கிடைக்கிறது. பதவியில் இருப்பவரைத் தோற்கடிப்பதைவிட, யாரும் உட்காராத நாற்காலிக்குப் போட்டியிடுவது எளிது. 2021-இல் நியூயார்க் கவுன்சிலில் மிகப் பல இடங்கள் வரம்பால் காலியாயின. அந்தத் தேர்தலில் 51 இடங்களில் 31-இல் பெண்கள் ஜெயித்தார்கள். அந்தக் கவுன்சிலில் பெண்கள் பெரும்பான்மையானது அதுவே முதல்முறை. வரம்பு மட்டுமே காரணமில்லை. பெண்களைத் தயார்செய்த அமைப்புகளின் உழைப்பும், சிறு நன்கொடைக்கு நகரமே பல மடங்கு சேர்த்துத் தரும் நிதித் திட்டமும் இருந்தன. ஆனால் நாற்காலி காலியாகவில்லை என்றால் அந்த உழைப்பெல்லாம் வாசலிலேயே நின்றிருக்கும்.

அப்பா இறங்கினா பொண்ணு, பொண்ணு இறங்கினா தம்பி. இதுக்கு என்ன பண்றது?

பிலிப்பைன்ஸைப் பார்த்துத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1987 அரசியலமைப்பு அங்கே உள்ளாட்சிப் பதவிகளுக்குத் தொடர்ந்து மூன்று முறை, முறைக்கு மூன்று ஆண்டு என்று வரம்பு வைத்தது. டாவோ நகரத்தில் ரோட்ரிகோ டுட்டர்டே 1988 முதல் 1998 வரை மேயர். பிறகு நாடாளுமன்றம் போய்விட்டு 2001-இல் திரும்பி 2010 வரை மேயர். 2010-இல் மகள் சாரா மேயர், அப்பா துணை மேயர். 2013-இல் மறுபடி அப்பா. 2016-இல் அவர் நாட்டின் அதிபரானதும் மறுபடி மகள். 2022-இல் மகன் செபாஸ்டியன். மக்காத்தி நகரத்தில் பினாய் குடும்பமும் இப்படித்தான்: கணவர், மனைவி, மறுபடி கணவர், மகன், பிறகு மகள்.

நியூயார்க்கிலும் சின்ன அளவில் உண்டு. சார்லஸ் பாரன் கவுன்சிலிலும் அவர் மனைவி இனெஸ் மாநில சட்டமன்றத்திலும் இருந்தார்கள். வரம்பு வந்ததும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மனைவியின் வரம்பு முடிந்ததும் 2022-இல் கணவரே கவுன்சிலுக்குத் திரும்பினார்.

வரம்பு ஒரு ஆளைத்தான் நிறுத்தும், குடும்பத்தை நிறுத்தாது. அந்த பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பே அரசியல் வம்சங்களைத் தடைசெய்யச் சொல்கிறது. ஆனால் "சட்டத்தில் வரையறுக்கப்படுவது போல" என்று முடிகிறது. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய நாடாளுமன்றத்தில் வம்சங்களே நிறைந்திருந்தால் அது எப்படி வரும்? நெருங்கிய உறவினர் அடுத்த தேர்தலில் அதே பதவிக்கு நிற்கக் கூடாது என்ற விதி இல்லாமல் வரம்பு மட்டும் வைப்பது, ஒரு கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துவைப்பதுதான்.

வரம்பு முடிஞ்சதும் பக்கத்து ஊர்ல போய் மேயருக்கு நிக்கலாமா?

போர்ச்சுகலில் இதற்காக வழக்கே நடந்தது. 2005-இல் அங்கே மேயர்களுக்குத் தொடர்ந்து மூன்று முறை என்று சட்டம் வந்தது. 2013 தேர்தலில் வரம்பு முடிந்த பலர் வேறு நகராட்சிகளில் நின்றார்கள். வரம்பு அந்தந்த நகராட்சிக்கு மட்டுமே என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. புது ஊரில் அவருக்கும் பழைய வலை கிடையாது.

பாதியில வந்தவருக்கு எப்படிக் கணக்குப் போடுவாங்க? சட்டம் வர்றதுக்கு முன்னாடி இருந்த வருஷமும் சேருமா?

மேயர் இறந்தோ விலகியோ இடையில் வந்தவருக்கு, மீதமிருப்பது பாதிக்கும் குறைவு என்றால் கணக்கில் சேர்க்காமல் விடுவது பல ஊர்களின் வழக்கம். ஊருக்கு ஊர் மாறும். நகரச் சாசனத்தை, அதாவது அந்த நகர நிர்வாகத்தின் அடிப்படை விதிநூலை, படித்தே ஆகவேண்டும். சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகள் பொதுவாகச் சேராது. நியூயார்க்கில் 1993-இல் வந்த விதி 2001 வரை யாரையும் வெளியேற்றாததற்கு அதுதான் காரணம்.

மேயருக்கும் கவுன்சிலருக்கும் ஒரே வரம்பு வைக்கணுமா?

வேண்டாம் என்பேன். மேயர் கையில் நியமனம், டெண்டர், காவல்துறை என்று செயல் அதிகாரம் இருக்கிறது. உறவு இறுகும் ஆபத்து அங்கே அதிகம். கவுன்சிலரின் வேலை கண்காணிப்பு. அதற்கு அனுபவம் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் மேயருக்கு இரண்டு, கவுன்சிலருக்கு மூன்று. அந்த விகிதம் எனக்குச் சரியாகப் படுகிறது. பிலடெல்பியாவில் மேயருக்கு மட்டும் வரம்பு, கவுன்சிலுக்கு இல்லவே இல்லை. அது ஒரு பக்கம் சாய்ந்த தராசு.

வரம்பை யார் மாத்தலாம்? பதவியில இருக்கறவங்களே மாத்திக்கலாமா?

முதலில் பிலடெல்பியா. 1978-இல் மேயர் ஃபிராங்க் ரிஸோ மூன்றாம் முறை நிற்பதற்காகச் சாசனத்தை மாற்றப் பார்த்தார். சாசனப்படி அதை மக்களிடம் கேட்டுத்தான் மாற்ற முடியும். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்று போட்டார்கள். ஊர் முடிவு செய்தது, விஷயம் முடிந்தது.

நியூயார்க்கில் நடந்தது வேறு. 1993-இல் மக்கள் ஓட்டுப் போட்டு இரண்டு முறை வரம்பைக் கொண்டுவந்தார்கள். 1996-இல் அதை மூன்றாக்கலாமா என்று கவுன்சில் மக்களிடம் கேட்டது, முடியாது என்றார்கள். 2008-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் இரண்டாம் முறை முடிய ஓராண்டு சொச்சம் இருந்தது. நிதிச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் அனுபவமுள்ள தலைமை தொடர வேண்டும் என்று சொல்லி வரம்பை மூன்றாக்கக் கேட்டார். இந்த முறை மக்களிடம் போகவில்லை. கவுன்சிலே 29-க்கு 22 என்று மாற்றியது. மக்களிடம் விடலாம் என்று சில கவுன்சிலர்கள் கொண்டுவந்த திருத்தம் அதே நாளில் தோற்றது. ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கும் அதே மாற்றத்தால் இன்னும் நான்கு ஆண்டு கிடைத்தது. வழக்குப் போட்டவர்களிடம் நீதிமன்றம், கவுன்சிலுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. சட்டப்படி சரி. ஆனால் மக்கள் இரண்டு முறை சொன்ன முடிவை, அதனால் வேலை இழக்கப்போகிறவர்கள் மாற்றியதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

மக்கள்கிட்ட கேட்டா மட்டும் போதுமா? கேள்வியையே குழப்பிக் கேட்டா?

அதுவும் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2006-இல் கவுன்சிலர்களுக்கு வரம்பை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தும் கேள்வியை, லாபிக்காரர்களுக்கான கட்டுப்பாடு, நன்னடத்தை விதிகள் இவற்றோடு ஒரே கட்டாகக் கட்டி வைத்தார்கள். தலைப்பில் "மூன்று முறை வரம்பு" என்று இருந்தது. ஏற்கனவே இரண்டு என்று தெரியாதவருக்கு, இல்லாத வரம்பைப் புதிதாக வைப்பது போலத்தான் படும். நிறைவேறிவிட்டது. ஹூஸ்டனின் 2015 வாக்குச்சீட்டு வாசகம் பற்றியும் இதே புகார் நீதிமன்றம் வரை போனது. ஒரு கேள்வி, ஒரே பொருள், இப்போது என்ன, மாறினால் என்ன என்று இரண்டு எண்களும் வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும்.

ஆனா நிஜமாவே நெருக்கடி வந்தா? அப்பவும் விதி விதின்னு பேசணுமா?

2008-இல் நியூயார்க்கில் சொன்ன வாதம் இதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை; அந்தச் சரிவு நிஜம். ஆனால் நெருக்கடி வரும்போது தேர்தலே வைக்கக் கூடாது என்று நாம் சொல்வதில்லை. புதியவரைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் நெருக்கடியில் ஊருக்கு இருக்காது என்று நினைப்பது ஊரைக் குறைத்து மதிப்பதாகும். உண்மையிலேயே வரம்பைத் தளர்த்த வேண்டும் என்றால் தளர்த்தட்டும். ஆனால் அது அடுத்து வருபவருக்குப் பொருந்தட்டும், இப்போது நாற்காலியில் இருப்பவருக்கு வேண்டாம்.

நியூயார்க் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் புளூம்பெர்க் சொந்தப் பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஐந்து சதவீதப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். மறு ஆண்டே வரம்பு மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. நான்கில் கிட்டத்தட்ட மூன்று பங்குப் பேர் பழையபடி இரண்டு முறைக்கே ஓட்டுப் போட்டார்கள். அதோடு, பதவியில் இருப்பவர்களுக்குப் பலன் தரும்படி கவுன்சில் இனி வரம்பை மாற்றக் கூடாது என்றும் சாசனத்தில் எழுதவைத்தார்கள். அந்த வாக்கெடுப்பிலும்கூட, அப்போது பதவியில் இருந்தவர்களுக்கு மூன்று முறை என்ற சலுகை அப்படியே விடப்பட்டது.